முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், என் பேரன் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான்.

பத்து வயசுப் பையன். பள்ளிக்கூடத்துப் பந்து விளையாட்டைப் பற்றி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அதில் பந்து ஒன்றுதான் புரிந்தது. அவன் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. “ரசம் ஊத்தட்டுமாடா தங்கம்?” என்று கேட்டேன். அவ்வளவுதான். விரலைத் தூக்கி, “வெயிட் பாட்டி. நான் இன்னும் முடிக்கல” என்றான். அதட்டவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். கதையை முடித்ததும் என் பக்கம் திரும்பி, “இப்ப உன் டர்ன்” என்றான்.

கேட்க வந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. மகன், மருமகள், பேரன், மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள். மூன்று பேர் கம்மென்று உட்கார்ந்து பார்த்தால் எங்கிருந்து பேச்சு வரும்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். அது காயவில்லை. மறுபடியும் அதே கொடியில் போட்டேன்.

அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று திரும்பி வருகிறேன். அடுப்படியில் ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தபோது, இதே மாதிரி மரியாதையாக இருக்கப் போய், என் தம்பி மகளுக்குக் கூடி வந்த கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்தேன். அது இப்போது வந்து நெஞ்சைப் பிராண்டுகிறது. ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் சொன்னால்தான் ஆறும்போல் இருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. பாஸ்போர்ட்டுக்கே கட்டை விரல் ரேகைதான். எதிர்வீட்டுச் சுமதி, திருச்சிப் பெண், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி நீவிவிட்டு எழுதுகிறாள். “என் பேச்சை என்னவோ பண்ணிக்க. மத்தவங்க பேசினத பேசினபடியே வையிடி” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

நான் சிட்னிக்கு வந்தது இந்தப் பேரன் பிறந்தபோது. “ரெண்டு மாசம் புள்ளையப் பாத்துக்கம்மா” என்றுதான் என் மகன் செல்வராசு கூப்பிட்டான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

இங்கேயே தங்குவதற்கு ஒரு ஆபீசில் காகிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வியிலேயே வம்பு. பிறந்த ஜில்லா எது? நான் பிறந்தது உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில். அப்போது அது திருச்சி ஜில்லா. நான் பிளேன் ஏறும்போது பெரம்பலூர் ஜில்லா. அப்புறம் அரியலூர் ஜில்லா என்று பிரித்தார்கள். பிரித்த கையோடு மறுபடியும் பெரம்பலூரில் சேர்த்தார்கள். இப்போது திரும்பவும் பிரித்துவிட்டார்களாம். நானாவது ஒரு தடவைதான் தேசம் மாறினேன். என் ஊர் இருந்த இடத்தில் இருந்தபடியே நாலு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு ஜில்லா இருந்தால் வெள்ளைக்காரன் என்ன செய்வான் பாவம், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

ஆனால் பெரிய வம்பு அது இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் போனில் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தார்கள். இலங்கைப் பெண். ஆபீசர் சொல்வதை அவள் தமிழில் சொல்வாள். நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்வாள். அழகான குரல். அவள் பேச ஆரம்பித்ததும் நான் நம் ஊர் வழக்கப்படி, “ஆமா... உம்... ஆமாமா... சொல்லு தாயி” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒருத்தர் பேசும்போது கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு எப்படிப் பேச்சு வரும்?

அந்தப் பெண்ணுக்கு என்ன சட்டமோ, என் வாயிலிருந்து விழுவதையெல்லாம் இங்கிலீஷாக்கிச் சொல்ல வேண்டுமாம். நெஞ்சுக் காசநோய் உண்டா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் “ஆமா.” எப்போதாவது ஜெயிலுக்குப் போனீர்களா என்று இழுக்கும்போதே “ஆமாமா.” ராணுவத்தில் இருந்து சண்டை போட்டதுண்டா? “உம், சொல்லு.” ஆபீசர் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தான். கால் மணி நேரத்தில் எனக்குக் காசநோய் வந்து, ஜெயிலுக்குப் போய், பட்டாளத்தில் சேர்ந்து சண்டையும் போட்டு முடித்திருந்தேன்.

கடைசியில் அந்தப் பெண்ணே பதறிவிட்டாள். “அம்மா, நான் கதைக்கேக்கை நடுவில ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் சொல்லி முடிய மறுமொழி சொன்னாக் காணும்” என்றாள்.

அதைச் சரிசெய்ய எத்தனை கடுதாசி, எத்தனை எக்ஸ்ரே. வீட்டுக்கு வந்து செல்வராசு தலையில் கை வைத்துக்கொண்டான். “அம்மா, இந்த ஊர்ல ஒருத்தர் பேசுறப்ப வாயத் தொறக்காத. முடிச்சப்புறம் மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்புறம் நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லிட்டுப் பேசு. அதான் இங்க மரியாதை.”

நான் சொன்னால் செய்கிறவள். பஸ்ஸில், கடையில், டாக்டரிடம், மருமகளிடம், எல்லாரிடமும் ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வருஷத்தில் அப்படிப் பழகிவிட்டேன். மருமகளின் தோழிகள் என்னைப் போல அமைதியான மாமியார் கிடையாது என்று சொல்லிப் பொறாமைப்படுவார்களாம். எனக்கு அதில் பெருமை வேறு.

3

ஊரில் நான் எப்படிப் பேசுகிறவள் என்று தெரிந்தால்தான் மேலே சொல்வது விளங்கும்.

என்னைக் கட்டிக்கொடுத்தது ரஞ்சன்குடிப் பக்கம். சின்ன வெங்காயம் போடுகிற ஊர். வெங்காயம் பிடுங்கிக் காய்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து தாளை அரிந்து போடுவோம். கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். ஒருத்தி சொல்லி முடிக்கட்டும் என்று மற்றவள் காத்திருந்தால் அங்கே ஒரு கதையும் நகராது. ஆனால் வெட்டிப் பேச ஒரு முறை இருந்தது. பக்கத்தில் இருப்பவள் முழங்காலைத் தொட்டு, “நீ சொல்லுடி, நடுவுல ஒண்ணே ஒண்ணு” என்று நுழைய வேண்டும். தன் கதையைச் சொல்லிவிட்டு அப்படியே ஓடிவிடக் கூடாது. “நீ மாமியா கதவச் சாத்துனதுல விட்ட பாரு, அங்கேருந்து சொல்லு” என்று அவள் கதையை எடுத்து அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காதவளை மறுநாள் வரிசையில் யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.

நான் இதில் கெட்டிக்காரி. ஒரே நேரத்தில் மூன்று பேர் கதையைப் பிடித்து வைத்துக்கொண்டு யாருடையதை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுப்பேன். அதனால்தான் எங்கள் சொந்தத்தில் எந்தச் சம்பந்தம் பேசினாலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

என் தம்பி கலியபெருமாளுக்கு ஒரே மகள், தேன்மொழி. உடையார்பாளையத்துப் பக்கம் பிறந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் முந்திரிக்காடு உண்டு. தேன்மொழி பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மா இல்லாத பெண். இருபத்தேழு வயசாகிவிட்டது. இரண்டு இடம் வந்து கூடாமல் போனது. மூன்றாவதாக வந்தது செட்டிகுளத்து இடம். பையன் முருகேசன், பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறான். அப்பா இல்லை, அம்மா ராசாம்பாள்தான் எல்லாம். பொண்ணு பார்த்துவிட்டுப் போனதும் தேன்மொழி சிட்னிக்கே போன் போட்டாள். போனில் நான் சொல்வது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் சொல்வது இங்கே வந்து இரண்டும் மோதிக்கொள்ளும். அந்த மோதலுக்குள்ளும் ஒன்று தெளிவாகக் கேட்டது.

“அத்தை, இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்கு. அப்பா பேசினா கெடுத்துடுவாரு. நீ வந்து பேசி முடி அத்தை.”

ஒரு பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் வாயாலேயே சொல்லிக் கேட்பது எவ்வளவு சந்தோஷம்! மறுவாரமே பிளேன் ஏறிவிட்டேன். நாலு வாரத்தில் திரும்ப டிக்கெட்.

4

மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ராசாம்பாள், முருகேசன், தரகர் சிங்காரம், மூன்றே பேர். எங்கள் பக்கம் நானும் தம்பியும். தேன்மொழி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் பெரிய பொம்பளை நான்தான் என்பதால் ராசாம்பாள் என் எதிரே, என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். நல்ல வாய். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது.

பிடித்துப் போனதால்தான் அவளுக்கு நன்றாக மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். வாயைச் சாத்திக்கொண்டேன். அவள் கண்ணையே பார்த்தேன்.

மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைச் சொன்னாள். நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு... மூன்று வருவதற்குள் மாடு கன்று போட்டதற்குப் போய்விட்டாள். அதைச் சொல்லி நிறுத்தினாள். நான் எண்ணினேன். முழங்கால் வலிக்குப் போனாள். எந்த எண்ணெய் தேய்த்தாள், எந்த டாக்டர் ஊசி போட்டார், எல்லாம் வந்தது. எனக்கும் முழங்கால் வலி உண்டு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது, பேச்சு கொஞ்சம் வேகமானது. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. நல்லா மனம் விட்டுப் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்க வூட்டுக்காரரு... நல்ல மனுசன்தான்” என்றாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். ஒன்று.

“கடைசி ரெண்டு வருசம் வூட்டுல இல்ல. வெளியூர்ல ஒருத்தி வூட்டுல இருந்தாரு.”

தம்பி தொண்டையைக் கனைத்தான். முருகேசன் தரையைப் பார்த்தான். ராசாம்பாள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டு.

“முடியாமப் போனதும் கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டாங்க. நான்தான் அள்ளிக் கொட்டுனேன். இவன் அப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கொள்ளி வைக்கவே மாட்டேன்னுட்டான். ஊரே சேந்து இழுத்துக்கிட்டுப் போயி...”

அதற்குமேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. முடித்துவிட்டாள். மூன்று.

முடித்தவர்களுக்கு நல்ல வார்த்தையாக ஒன்று சொல்ல வேண்டும் அல்லவா. நான் தலையை ஆட்டி, “நல்லதுங்க” என்றேன்.

இப்போது சுமதி எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ராசாம்பாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். “கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்” என்றாள். தேன்மொழி காபித் தட்டோடு வாசற்படிக்கு வந்தபோது அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

5

நாலாம் நாள் தரகர் சிங்காரம் தனியாக வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை.

“அவங்களுக்கு இஷ்டமில்லீங்க.”

“என்னய்யா குத்தம்? பொண்ணப் புடிச்சிருக்குன்னுதானே சொன்னாங்க?” என்றான் தம்பி.

“பொண்ணப் புடிச்சிருக்கு. பொண்ணோட அத்தைக்குத்தான் எங்களப் புடிக்கலன்னு சொல்றாங்க. ஒரு ‘உம்’ கொட்டலியாம். வெளிநாட்டுக்காரங்க, நாம பேசறது நாத்தமடிச்சிருக்கும்னு அந்தம்மா அழுவுது. அதுக்கு மேல ‘நல்லது’ன்னாங்களே?”

சிங்காரம் போன பிறகு தம்பி என் பக்கம் திரும்பினான். “ஏன்க்கா, உன்ன எதுக்கு அங்கேருந்து வரவழைச்சோம்? வாய்க்கித்தானே? அத எங்க கழட்டி வச்சுட்டு வந்த?”

“டேய், அங்கெல்லாம் அதான்டா மரியாதை...”

“இங்க நீ பேசாம இருந்தா வெறுப்புன்னு அர்த்தம்க்கா! நம்ம அப்பன் பெரியப்பன் வூட்டு ஆளுங்ககிட்ட அப்படித்தானே உக்காந்திருந்தாரு, பதினஞ்சு வருசம்!”

அவன் சொன்னது உண்மை. எனக்கே தெரிந்ததுதான். தெரிந்ததையே மறக்கும்படி பழகியிருக்கிறேன். ராசாம்பாள் சொன்னதெல்லாம் அன்றைக்கே தேன்மொழிக்கும் உள்ளே கேட்டிருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, நெசமாவே உனக்கு அவங்களப் புடிக்கலியா?”

“ரொம்பப் புடிச்சுதுடி. அதான் மரியாதையா இருந்தேன்.”

“அந்த மரியாதைய ஏர்போர்ட்டுலயே குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். நோட்டில் சிவப்பு மை ஒரே இடத்தில் ஊறிக்கொண்டிருந்தது. “மூணாவது எடம் அத்தை. இனிமே அப்பா வேற யாரையும் வரச்சொல்ல மாட்டாரு.”

டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. முந்திரிக்காட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு வீட்டார் போவது நம் பக்கத்தில் இல்லாத வழக்கம். போனால் பெண்ணிடம் ஏதோ குறை, அதனால் கெஞ்ச வருகிறார்கள் என்று பேசுவார்கள். தம்பியிடம் சொன்னால் விடமாட்டான். ஜெயங்கொண்டத்தில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

6

அரியலூரில் ஒரு பஸ் மாறி, பெரம்பலூரில் ஒரு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. பக்கத்துச் சீட்டுக்காரி தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வேண்டுமென்றே அவள் முழங்காலைத் தொட்டு, “நீ சொல்லும்மா, நடுவுல ஒண்ணே ஒண்ணு” என்று நுழைந்தேன். நாக்கு முதலில் தடுக்கியது. மூன்றாவது தடவை வழுக்கிக்கொண்டு போனது. அவள் கதையை அவள் கையில் கொடுத்தேன், அவள் என் கதையை என் கையில் கொடுத்தாள். பெரம்பலூரில் இறங்கும்போது, “எந்த ஊருக்கா நீங்க, இவ்வளவு நல்லாப் பேசுறீங்க?” என்றாள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ராசாம்பாள் வாயைத் திறக்கட்டும், வார்த்தைக்கு வார்த்தை வெட்டிப் பேசி என் மனசைக் காட்டிவிடுகிறேன் என்று போனேன்.

செட்டிகுளத்தில் மலைக்கோயிலைத் தாண்டி வீடு. ராசாம்பாள் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது.

“வாங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். விரோதி வந்தாலும் சொல்ல வேண்டிய வார்த்தை. அப்புறம் அரிய ஆரம்பித்துவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் பேசவில்லை. நான் காத்திருந்தேன். அவள் பேசவே இல்லை.

வெட்டிப் பேச வேண்டும் என்று மூன்று பஸ் ஏறி வந்திருக்கிறேன். பேச்சே இல்லாத இடத்தில் எதை வெட்டுவது? அன்றைக்கு அவள் என் எதிரே உட்கார்ந்து பட்ட பாடு என்னவென்று அப்போதுதான் உடம்பில் உறைத்தது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தம் வருமா வருமா என்று பார்ப்பது மாதிரி இருந்தது.

கீழே கிடந்த இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டேன். தாளை அரிந்தபடி நானாகப் பேச ஆரம்பித்தேன். வெயில் ஜாஸ்தி என்றேன். வெங்காயம் நல்லா விளைஞ்சிருக்கு என்றேன். பஸ்ஸில் கூட்டம் என்றேன். எந்த வார்த்தையையும் அவள் கையில் வாங்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“சிட்னியில இந்தச் சின்ன வெங்காயத்த நாலு கடை தேடி அலையணும். கெடைச்சா, ஒரு சின்ன வலைப் பையில போட்டுக் கட்டி, நகைக் கடையில வைக்கிற மாதிரி கண்ணாடிக்குப் பின்னாடி வச்சிருப்பான். ஒரு பைக்கு...”

“எத்தினி இருக்கும்?”

கேட்டுவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை.

“எண்ணிப் பாத்தேன். பன்னெண்டு.”

“பன்னெண்டா! எண்ணியா விக்கிறான் கட்டையில போறவன்? இருங்க, இருங்க, பன்னெண்டு வெங்காயத்துல ஒரு வேளைக் கொழம்பு வைக்க முடியுமா?”

“அதான் தங்கச்சி! என் மருமவ ஆறு போட்டுட்டு மீதி ஆற நாளைக்கு எடுத்து வைப்பா...”

“ஆறா! அது கொழம்பா, கொழம்ப மோந்து பாக்குறதா?”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த கையோடு அவள் ஒன்று சொல்ல, அது முடிவதற்குள் நான் ஒன்று சொல்ல, அரிந்த வெங்காயம் கூடையில் போகாமல் மடியில் விழுந்தது. ஆபீசில் எனக்குக் காசநோய் வந்த கதையைச் சொன்னேன். மூன்று எண்ணுகிற கதையைச் சொன்னேன். அன்றைக்கு அவள் எதிரே உட்கார்ந்து எண்ணினதையும் சொன்னேன். அவள் அரிவதை நிறுத்திவிட்டாள்.

“எண்ணிக்கிட்டா இருந்தீங்க?”

“ஆமா தாயி. சாமி சத்தியமா. நீ பேசினது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். எந்தக் காலுல வலி, என்ன எண்ணெய், எல்லாம் சொல்லுவேன்.”

கொஞ்ச நேரம் வெங்காயத்தையே உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமல் பேசினாள்.

“வெறுப்புன்னு நெனச்சது ஒரு பக்கம்க்கா. ஆனா நான் வேணாம்னது அதுக்கில்ல. அன்னிக்கு நான் என்னென்ன பேசினேன்னு பஸ்ஸுல வர்றப்பதான் நெனச்சுப் பாத்தேன். என் புருசன் வெசயத்த எங்க அம்மாகிட்டகூட நான் முழுசாச் சொன்னதில்ல. என் புள்ள முன்னாடி, அவனுக்குப் பேசுற எடத்துல உக்காந்துக்கிட்டுச் சொல்லிட்டேன். அந்த எடத்துல ‘இருங்க, காபி வந்துடும்’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்க்கா. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. என்னால நிறுத்த முடியல. அந்த வூட்டு ஆளுங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

வெங்காயக் களத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் நான். ஒருத்தி அழுகிற இடத்துக்குப் போகிறாள் என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவள், “ஏய், உன் கூடையில மாடு வாய வைக்குது பாரு” என்பாள். மாடே இருக்காது. அவள் திரும்பிப் பார்த்து, மூக்கைத் துடைத்து, வேறு பேச்சுக்கு வந்துவிடுவாள். எத்தனை பேருக்கு நான் அப்படி மாடு ஓட்டியிருக்கிறேன்! இவளைத் தனியே நடக்கவிட்டு, விளிம்பு வரைக்கும் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தப்பு என்னுதும்மா” என்றேன். “எந்தம்பிக்கு அதுல ஒண்ணும் நெனப்பில்ல. தேன்மொழி உள்ள இருந்தா, அவ காதுல விழுந்துச்சு. என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? ‘அந்தம்மா அவ்வளவு பட்டும் அந்த மனுசன அள்ளிக் கொட்டியிருக்காங்களே அத்தை, நான் அவங்களுக்கு ஒழுங்கா செய்வனா’ன்னு கேட்டா. என் புருசனும் ஒண்ணும் சாமி இல்ல, அவரு ஒரு தடவ என்னை...”

“அக்கா, கத்தி! கையப் பாருங்க, வெரல அரிஞ்சுக்கப் போறீங்க!”

கையைப் பார்த்தேன். கத்தி விரலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ராசாம்பாள் எழுந்து முந்தானையில் ஒட்டிய வெங்காயச் சருகை உதறினாள். “சாப்பிட்டுட்டுத்தான் போவணும். மொச்சக்கொட்டக் கொழம்பு. உங்க மருமவ மாதிரி இல்ல, ரெண்டு கை வெங்காயம் போட்டிருக்கேன்.” அடுப்படிக்குள் போனவள் அங்கிருந்தே கத்தினாள். “வர்ற புதங்கெழம பொண்ணுக்குப் பூ வைக்க வர்றோம்னு உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க. டிக்கெட்டு எப்பன்னீங்க? அதுக்குள்ள முடிச்சுடுவம்!”

7

சாப்பாட்டுக்கு முருகேசன் கடையிலிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் அம்மா, “என்னடா மசமசன்னு நிக்கிற, பெரியம்மாவ வாங்கன்னு சொல்லு” என்று அதட்டினாள். முகம் சிவந்து “வாங்க பெரியம்மா” என்றான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மொச்சையைக் கணக்கில்லாமல் போட்டுக்கொண்டான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவனே வண்டியில் கொண்டுபோய்விட்டான். நான் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒருக்களித்து உட்கார்ந்து அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிட்னியில் எத்தனையோ காரில் போயிருக்கிறேன், இந்தச் சந்தோஷம் ஒன்றிலும் இல்லை. வாயில் காற்று போனது, கண்ணில் புழுதி போனது. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஊர் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே வந்ததும் அவன் வண்டியை மெதுவாக்கினான். இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

“பெரியம்மா” என்றான்.

“சொல்லுப்பா.”

“அன்னிக்கு உங்க வூட்டுல அம்மா சொன்னாங்கல்ல... அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன்னேன்னு. அது... அன்னிக்கு நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னா...”

அவன் முதுகு என் கைக்குள் விறைத்தது. குரல் பாதியில் உடைந்தது.

“தம்பி, பள்ளம்!” என்று கத்தினேன். “ரோட்டப் பாத்து ஓட்டுய்யா!”

பிரேக்கை அழுத்தினான். வண்டி குலுங்கி நின்றது. முன்னே பார்த்தான், பக்கத்தில் பார்த்தான். வழவழவென்று தார் ரோடு, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும்.

“எங்க பெரியம்மா?”

“தாண்டிட்டோம்” என்றேன். “நீ ஓட்டு.”